எண்பது ரூபாய் மாப்பிள்ளை

எங்கள் கரையில் மீன் ஏலம் விடும்போது கடைசியாக உரக்கக் கேட்கிற எண்தான் விலை. கூவிய பிறகு பேரம் கிடையாது. கூவினவனும் மாற்றக்கூடாது, எடுத்தவளும் மாற்றக்கூடாது. மாற்றினவளின் கூடையை மறுநாள் யாரும் தொட மாட்டார்கள். இந்தப் பழக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என் அம்மா. நாலு பேர் காதில் விழும்படி ஒருவன் உரக்கச் சொன்ன எண் முழு உண்மையாக இல்லாமலும் இருக்கலாம் என்று அவளுக்குக் கடைசிவரை தோன்றவில்லை. என் வாழ்க்கை கெட்டது அந்த இடத்தில்தான்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் எங்கள் குப்பம். கிழக்கே கடல், மேற்கே ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அந்தண்டை புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நைனா காய்ச்சலில் போன பிறகு எங்களை வளர்த்தது அம்மாவின் மீன் கூடைதான். அண்ணன் தலையெடுத்துக் கட்டுமரம் தள்ள ஆரம்பித்த பிறகும் அவள் கூடையை இறக்கி வைக்கவில்லை. ஓர் இரும்புக் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே அவளுக்கு இடம். சம்பள நாளில் நல்ல வியாபாரம் ஆகும்.

கேட்டுக்கு உள்ளே மதில் சுவரை ஒட்டி ஒரு ஜன்னல் இருந்தது. சம்பள நாளில் குமாஸ்தா அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளின் டோக்கன் எண்ணையும் அவனுடைய முழுச் சம்பளத்தையும் உரக்கக் கூவுவார். அந்த ஆள் "ஆமா சார்" என்று சொல்ல வேண்டும். பிறகு குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு பிடித்தங்களை வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி ஜன்னலுக்கு வெளியே தள்ளுவார். கூவுவது தெருவரைக்கும் கேட்கும். வாசிப்பது எதிரில் நிற்கிறவனுக்கே பாதிதான் கேட்கும். முழுசைச் சத்தமாகவும் குறைவதை மெதுவாகவும் சொல்வது என்று அந்த முறையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஜன்னலிலிருந்து ஒருநாள் "எண்பது" என்று வந்தது. அம்மா செதில் சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாளாம். நாற்பது, ஐம்பது என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் எண்பது. "ஆமா சார்" என்று சொன்ன ஆள் ஒல்லியாக, கறுப்பாக, சட்டை முழுக்க எண்ணெய்க் கறையோடு இருந்தார். கடைசல் மெஷின் ஓட்டுகிறவர். விசாரித்ததில் நம் ஜனம்தான் என்று தெரிந்தது. மரத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும், கடலுக்கு லாயக்கில்லை என்று சொந்தக்காரர்கள் சின்ன வயசிலேயே கம்பெனிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. ஒரு சித்தப்பா மட்டும் ராயபுரத்தில் இருந்தார். அம்மா அன்றைக்கு மீதி மீனை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

நிச்சயதார்த்தத்தில் ஊர் கூடியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மரத்தில் என்ன பங்கு, வலையில் என்ன பங்கு என்று சபையில் கேட்பார்கள். இவருக்கு மரமும் இல்லை, வலையும் இல்லை. அதனால் ஊர்ப் பெரியவர் சம்பளத்தைக் கேட்டார். மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"எம்பது ரூபா. என் காதால கேட்டேன்."

பெரியவர் அவரைப் பார்த்து, "அப்டியா மாப்ள" என்றார். அவர் ஜன்னலுக்கு எதிரில் நின்று பழகிய பழக்கத்தில், "ஆமா சார்" என்றார். சபையே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எல்லோரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்தால் எனக்கு எப்போதும் பயம் வரும். அது என் சுபாவம்.

அவர் பொய் சொல்லவில்லை. இதைப் பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருடைய சம்பளம் எண்பதுதான். கைக்கு வந்தது எண்பது இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்கு எண்பது ரூபாய் மாப்பிள்ளை என்றே பெயர்.

கல்யாணம் ஆகித் திருவொற்றியூரில் ஒண்டுக்குடித்தனம். ஒரே அறை, வெளியே பொதுக் குழாய். முதல் சம்பள நாளன்று அம்மா கூடையை எங்கேயோ விட்டுவிட்டு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். மகளின் கையில் மகாலட்சுமி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அவர் வந்து, கை கால் கழுவி, பணத்தை என் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி எண்ணினாள். அறுபத்தெட்டு. இன்னொரு தரம் எண்ணினாள்.

"மிச்சம் எங்க மாப்ள?"

"கம்பெனில புடிச்சிக்குவாங்க அத்தை."

"இன்னாத்துக்கு?"

"பண்டு, வியாதிக்கு ஒண்ணு, கேன்டீனு, சொசைட்டி. அரை வருசத்துக்கு ஒருக்கா தொழில் வரி."

அம்மா பணத்தை மடித்து என் கையில் திணித்தாள். அவள் கூச்சல் போடாவிட்டால் விஷயம் உள்ளே வேர் விடுகிறது என்று அர்த்தம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவள் பார்த்தது குடும்பக்காரியை இல்லை, புருஷனில் வேறு யாருக்கோ பங்கு கொடுத்துவிட்டு நிற்கிற ஏமாளியை என்று அன்றைக்கே புரிந்தது. எங்கள் குப்பத்தில் ஒரு ஆண்பிள்ளையின் காசு வழியில் காணாமல் போனால் இரண்டே இடம்தான். ஒன்று சாராயம், இன்னொன்று இன்னொருத்தி. அவர் வாயில் சாராய வாடை இல்லை.

அன்று சாயங்காலம் நானே அவரிடம் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டேன். அவர் கோபப்படாமல், தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினார்.

"உங்கண்ணன் மரம் கரைக்கு வருது. கரைல கொட்ன மீனு அத்தினியும் உங்கண்ணனுதா?"

"அது எப்டி? மரத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கோயிலுக்குப் பங்கு போக மீதிய ஆளுங்க பிரிச்சிக்குவாங்கோ."

"அதான். அந்த எம்பது கரைல கொட்ன மீனு. அறுவத்தெட்டு என் பங்கு. உங்கம்மா கரைல கொட்னத பாத்துட்டு என் வூட்டுச் சட்டில தேடுது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று என் ஜனம் ஒதுக்கிய மனிதர், எங்கள் ஜனத்தின் கணக்கைக்கொண்டே எனக்குப் புரிய வைத்தார். அதிலும் பண்டு என்கிற சேமநிதிப் பிடித்தம் அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. ரூபாய்க்கு ஓரணா அவர் போட்டால் கம்பெனியும் ஓரணா போட வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"நம்ப ஜனத்துல எவனுக்காச்சும் ஒருத்தன் சேத்துப் போட்டுக்கீறானா சொல்லு. வயசாச்சின்னா மொத்தமா என் கைல வரும். நடுவுல நான் பூட்டா உன் கைல வரும். உன் பேருதான் எழுதிக் குட்துக்கீறேன்."

"வாயக் கழுவு" என்றேன். கடலோரத்தில் பிறந்தவள் வேறென்ன சொல்வேன். எங்கள் வீடுகளில் சாவைப் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். மரம் தள்ளும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "போறேன்" என்ற வார்த்தையை எந்த ஆம்பிளையும் உச்சரிக்க மாட்டான். அவர் சொன்னது அத்தனையும் எனக்கு அறிவில் ஏறியது. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் அம்மாவிடம் போய், அவர் சொன்ன மாதிரியே மரம், வலை, கோயில் என்று சொன்னேன். அவள் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

"மரத்த கண்ணால பாக்கறேன். வலைய கண்ணால பாக்கறேன். அம்மன் கோயிலாண்ட கெடாவெட்டு நடந்தா போய்த் துன்றேன். இவன் குடுக்கற பங்கு யாரு வூட்டுக்குப் போவுது? அத்த நீ பாத்தியா?"

நான் மட்டும் பார்த்திருந்தேனா என்ன? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அம்மா வாய் ஊர் வாயைவிடப் பெரிசு. கொஞ்ச நாளில் குழாயடியில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றது. ராயபுரத்தில் அவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள். இல்லை, காசிமேட்டில் என்றார்கள். அண்ணன் சில சாயங்காலம் கம்பெனி விடும் நேரத்துக்குப் போய், அவருக்குப் பின்னாலேயே நடந்து பார்த்திருக்கிறான். அவர் டீக்கடையில் நின்றார், முடிவெட்டிக்கொண்டார், வீட்டுக்கு வந்தார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியாததில் அண்ணனுக்கு இன்னும் ஆத்திரம். ஒன்றுமே தெரியாமல் மறைக்கிறவன் எவ்வளவு பெரிய கள்ளன் என்று சொன்னான். இந்த மாதிரி மூளைக்கு எதிரில் யார் என்ன சாட்சி சொல்லிவிட முடியும்?

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த மாதத்தில் சொசைட்டிப் பிடித்தம் கூடி, கைக்கு அறுபத்தைந்துதான் வந்தது. அம்மா ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்து. பகல் வெயில் சுட்டது. பெண்கள் ஓரத்தில் நின்றோம். அவரை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். காலையில் ஷிப்டு முடித்து அப்படியே வந்திருந்தார், எண்ணெய்க் கறையோடு. பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உன் சம்பளம் இன்னா மாப்ள?"

"எம்பது."

"பொண்டாட்டி கைல இன்னா குடுக்கறே?"

"அறுவத்தஞ்சி, அறுவத்தெட்டு."

"சபைல கூவனது எம்பது. மிச்சம் எங்க போவுது, யாருக்குப் போவுது? ஆள சொல்லு."

அங்கே அவர் ஒரு தப்புச் செய்தார். தொழில் வரி என்று சொல்லியிருக்கலாம், கேன்டீன் சோறு என்று சொல்லியிருக்கலாம். சர்க்கார் பிடுங்கிக்கொள்கிறது என்றிருந்தால்கூட எல்லோரும் நம்பியிருப்பார்கள், கூடச் சேர்ந்து திட்டியும் இருப்பார்கள். அவரோ, தனக்கு எது பெருமையோ அதைச் சொன்னார். பண்டைச் சொன்னார்.

"பெரிய பிடித்தம் பண்டுங்க. யாருக்கும் போவல. நான் பூட்டா இவளுக்கு வரும்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மறுநாள் விடிகாலை மரம் ஏறப் போகிறவர்கள். ஒருவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அம்மா நடுவில் போய் நின்றாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாசா மாசம் எம்பொண்ணு தாலி அறுக்கக் காசு கட்டிகினு கீறான். அவ வயித்துல புள்ள கீது" என்றாள்.

இன்னொருத்தி இருந்திருந்தால்கூட அவர்கள் அபராதம் போட்டு விட்டிருப்பார்கள். இதற்கு அபராதம் போதவில்லை. சாவுக்கு என்று பங்கு எடுத்து வைத்தால் சாவு அதை வாங்கிக்கொள்ள வரும் என்றார்கள். அந்தப் பிடித்தத்தை அவர் நிறுத்த வேண்டும், நிறுத்தும்வரை பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. நான் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும்" என்று ஓரத்திலிருந்து சொன்னேன். பொம்பளை பஞ்சாயத்தில் பேசக்கூடாது என்று பெரியவர் சொன்னார். அம்மா மட்டும் பேசலாமா என்று கேட்டேன். அவள் பெத்தவள் என்றார்கள். அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான்தானே என்று கேட்பதற்குள் அண்ணன் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். அந்தப் பிடி இப்போதும் வலிக்கிறது.

பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி அவர் ஜன்னல் குமாஸ்தாவிடம் போய் நின்றிருக்கிறார். குமாஸ்தா சிரித்தாராம். இது சட்டம், நீ வேண்டாம் என்றால் நிற்காது, வேலையை விட்டால்தான் நிற்கும், விட்டுச் சில மாதம் ஆன பிறகு, அதுவரை போட்ட பணம் கைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் முழுசாக வராது. சர்வீஸ் குறைவாக இருப்பதால் கம்பெனி போட்டதில் பெரும் பகுதியை வெட்டிவிடுவார்கள். இதையெல்லாம் அவர் எனக்கு அம்மா வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னார். உள்ளே விட மாட்டார்கள்.

"வுட்றாதேய்யா" என்றேன். "வேலைய மட்டும் வுட்றாதே. புள்ள பொறக்கட்டும். நான் எப்டியாச்சும் வந்துட்றேன்."

அவர் தலையை ஆட்டினார். என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன். ஆனால் அவர் அங்கிருந்து போகும்போது வேலிக் குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டே போனார். மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டவர்கள்தான் கை சும்மா இல்லாமல் இப்படி எதையாவது செய்வார்கள்.

அடுத்த வாரமே துணி மூட்டையோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலையை விட்டுவிட்டார். தாய் தகப்பன் இல்லாதவருக்குப் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. அம்மா ஆரத்தி எடுத்தாள். அண்ணன் கோழி வாங்கி வந்தான். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் அவர் படுத்த இடத்திலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி படுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்டுப் பணம் வரும்வரை சோறு தின்ன வேண்டுமே. அண்ணன் அவரை மரத்தில் ஏற்றினான். முதல் நாள் அவர் திரும்பி வந்தபோது உதடு வெள்ளையாக இருந்தது. கரையில் இருந்த பிள்ளைகள் கூட அவரைப் போலவே வாந்தி எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள். "பழகிடும் மாப்ள, கடல் யாரையும் தள்ளாது" என்றான் அண்ணன். தள்ளாது, உண்மைதான். உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எனக்குப் பையன் பிறந்தான். பணம் வந்தது. குமாஸ்தா சொன்னபடி வெட்டியது போக மிச்சம். அம்மாவும் அண்ணனும் சேர்ந்து அதில் புது வலை வாங்கினார்கள். நல்ல பருத்தி நூல் வலை, பட்டைச் சாயம் ஏற்றியது. அம்மா அதைக் கொல்லையில் விரித்துப் போட்டு ஊரையே கூப்பிட்டுக் காட்டினாள். "எம் மருமவன் காசு" என்று சொல்லிச் சொல்லி வலையைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு அவர்மேல் அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத காசைக் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக மாற்றி மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள். கெடுதல் செய்கிறவர்கள் கெடுதல் என்று தெரிந்து செய்தால் நமக்குச் சௌகரியம், முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போகலாம்.

சில மாதம் ஓடியது. அவர் பழகிவிட்ட மாதிரிதான் தெரிந்தது. ஒருநாள் ஏலம் முடிந்து வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"கரைல நாப்பதுன்னு கூவனாங்க. என் கைல எட்டு. இங்கயும் பிடித்தம்தாம்மே. இதுல நாளைக்குன்னு ஒரு அணா கூட இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். மெஷின் காய்ப்பு எல்லாம் உரிந்து, வலைக்கயிறு அறுத்த புண்ணாக இருந்தது. கம்பெனியில் மறுபடி கேட்டுப் பாரேன் என்றேன். மழைக்காலம் போகட்டும் என்றார். பொங்கலுக்குப் பிறகு ஆள் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கார்த்திகையில் வாடைக்காற்று நாள் கணக்கில் நிற்காமல் அடித்தது. கடல் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டு இருந்தது. பெரியவரின் மரமே கரையில் கிடந்தது. வீட்டில் அரிசி இல்லை, கடன் கொடுப்பார் இல்லை. காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு காலை நேரத்தில் அண்ணன், அலை முறிகிற இடத்தைத் தாண்டிவிட்டால் அப்பால் சும்மாதான் இருக்கும், மீன் குவிந்து கிடக்கும் என்றான். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். "வரேன்" என்றார்.

பின்னால் ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள். மரம் தள்ளும்போது கூப்பிடக்கூடாது இல்லையா.

மத்தியானத்துக்குள் கரை முழுக்க ஜனம். அலை முறிகிற இடத்திலேயே மரம் குப்புறக் கவிழ்ந்ததை இங்கிருந்தே பார்த்திருக்கிறார்கள். அண்ணன் கவிழ்ந்த மரத்தை ஒரு கையாலும் வலையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப்போய் அவனை இழுத்து வந்தார்கள். மரத்தையும் இழுத்து வந்தார்கள். வலையும் வந்தது. அவர் வரவில்லை. நீந்தத் தெரியாதவர் எத்தனை நேரம் நிற்பார். அண்ணன் மணலில் கிடந்து, "வலைய வுட்டுட்டு அவனப் புடிச்சிருக்கணும், வலைய வுட்டுட்டு அவனப் புடிச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆமாம், பிடித்திருக்க வேண்டும். அதை நான் அவனிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதால் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் அவரைக் கரையில் கண்டு, பாயில் சுற்றித் தூக்கி வந்து கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள் சிலர் வந்தார்கள். அதில் ஒருவர், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னார். கம்பெனி ரோலில் பெயர் இருந்திருந்தால் சங்கத்தில் கேட்டு ஏதாவது வாங்கித் தந்திருக்கலாம், பண்டும் வந்திருக்கும், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார். அம்மா அழுதுகொண்டிருந்ததில் அது அவள் காதில் சரியாக ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையன் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். வாழ்நாள் எல்லாம் கூவியே விற்றவள், அன்றைக்கு யார் காதிலும் விழக்கூடாது என்பது போலக் கேட்டாள்.

"ஏம்மே, கம்பெனில பண்டுன்னு அன்னிக்கி பஞ்சாயத்துல சொன்னானே. பூட்டா பொண்டாட்டிக்குன்னு. அது எதுனா வருமா?"

நான் அவளை அடித்திருப்பேன். மடியில் பிள்ளை இருந்தது.

"வந்துச்சேம்மா. அவரு இருக்கறப்பவே வந்துச்சு. கொல்லையில காயுது பாரு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கிழிசல் தைத்து வலையைக் கயிற்றில் போட்டிருந்தான். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது என்று முகத்தில் தெரிந்தது. விளங்கி என்ன ஆகப் போகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வலைப் பங்கு உனுக்குத்தான். ஆரு கேட்டாலும் நான் சொல்றேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அண்ணன் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும், ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் வலைக்கு உண்டான பங்கைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். அதைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். பையனுக்குப் பசித்தது. வாங்கிக்கொண்டேன்.